குவாண்டம் ஹோல் படிமாற்றத்தில் காப்பா அடுக்கைக் கணிப்பது எப்படி?

மிகக் குளிர்ந்த, மெல்லிய இலத்திரன் படலத்தில் காந்தப்புலத்தை ஏற்றினால் ஹோல் தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் தடை, படிபடியாக மாறும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவதே படிமாற்றம். குளிரக் குளிர அது எவ்வளவு செங்குத்தாகிறது என்பதைச் சொல்லும் அடுக்கெண்தான் காப்பா. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக இதை எடுப்பவருக்கு மடிக்கணினியும் நல்ல தரவும் போதும். 1 கெல்வினிலிருந்து 0.1 கெல்வின் வரை ஆறேழு வெப்பநிலைகளில், காந்தப்புலத்துக்கு எதிரே எடுத்த ஹோல் தடை வளையிகள் வேண்டும்.

முதலில், காந்தப்புலத்தின் இரு திசைகளிலும் எடுத்த தடைகளைக் கழித்துப் பாதியாக்குங்கள். இல்லாவிட்டால் மின்னோட்டத் திசையிலுள்ள நெடுக்குத்தடை கலந்துவிடும். 3ஆம் படி 8604 ஓம், 2ஆம் படி 12906 ஓம். இடையில் எல்லா வளையிகளும் ஒரே புள்ளியில் வெட்ட வேண்டும். வாவி நீர் ஏறும்போது தனிக் குட்டைகள் ஒரு மட்டத்தில் ஒன்றாய்ச் சேருமே, அதுபோல அந்தப் புள்ளியில் இலத்திரன் நிலைகள் மாதிரி முழுவதும் பரவுகின்றன. வெட்டவில்லையா? மேலே போகாதீர்கள், வெப்பமானியையும் புலம் ஏற்றிய வேகத்தையும் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு வளையியின் உச்சப் படித்திறனையும் வெப்பநிலைக்கு எதிரே, இரு அச்சும் மடக்கையான வரைபில் குறியுங்கள். நேர்கோட்டின் சரிவு −0.42 அளவில் வரும். அதன் குறியை மாற்றினால் அதுவே காப்பா. 1988இல் இந்தியம் கேலியம் ஆர்சனைட்டில் கிடைத்த காப்பாவும் 0.42தான். அதாவது பத்து மடங்கு குளிர்ந்தால் படித்திறன் 2.6 மடங்காகும்.

குளிர்ந்த முனையில் புள்ளிகள் தட்டையானால் பெரும்பாலும் மின்னோட்டம் இலத்திரன்களைச் சூடாக்குகிறது. 1 நானோ அம்பியருக்கு இறக்கி எடுத்த தரவைக் கேளுங்கள். தட்டையான புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டால் காப்பா குறைந்து தெரியும்.