வெட்பாலைத் தைலம்: வெயிலில் ஊறவைக்கும் முறை

காளாஞ்சகப் படை என்று சித்த வைத்தியம் சொல்லும் சொரியாசிஸுக்கும், தலையில் செதிலாக உதிரும் பொடுகுக்கும் பூசுகிற எண்ணெய் இது. வேண்டியவை இரண்டே பொருள்: வெட்பாலை இலை, தேங்காய் எண்ணெய். மத்திய அரசின் சித்த ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்த 777 எண்ணெயும் இந்த இரண்டால் ஆனதுதான். அடுப்பு வேண்டாம், வெயில் போதும். இவ்வளவு எளிய எண்ணெய் வீட்டுக்கு வீடு கெட்டுப்போவதற்குக் காரணமும் இரண்டுதான்: இலை தவறாக இருக்கும், அல்லது உள்ளே ஈரம் புகுந்திருக்கும்.

முதலில் இலையைப் பார்ப்போம். செங்கோட்டை, புளியரை தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போய்ப் 'பாலை இலை வேண்டும்' என்று மட்டும் கேட்டால் பலரும் ஏழிலம்பாலாவைத்தான் கை காட்டுவார்கள். அது நம் ஏழிலைப்பாலை. ஒரு கணுவைச் சுற்றி ஐந்து, ஆறு, ஏழு என்று இலைகள் வட்டமாக விரிந்திருக்கும். நமக்கு வேண்டியது அதுவல்ல. மலையாளத்தில் 'தந்தப்பாலா' என்று கேட்க வேண்டும். வெட்பாலையில் இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். கிள்ளினால் பால் வடியும்.

ஏழிலைப்பாலையைப் பிரித்தறிவது சுலபம். குடசப்பாலைதான் ஏமாற்றும். மலையாளத்தில் அது குடகப்பாலா. அதற்கும் எதிரெதிர் இலை, பால், வெள்ளைப் பூ, இணை இணையாகத் தொங்கும் நீளக் காய் எல்லாம் உண்டு. காயின் நுனியைப் பாருங்கள். வெட்பாலையில் இரண்டு காய்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி போலத் தொங்கும், முற்றி வெடிக்கும்போதுதான் பிரியும். குடசப்பாலையில் நுனி தனித்தனியாகவே இருக்கும். இலையும் பெரிது. காய் இல்லாத பருவத்தில் சந்தேகம் வந்தால் நாலைந்து இலையைக் கிள்ளி ஒரு சின்னக் கண்ணாடித் தம்ளரில் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். ஊதா நிறம் இறங்கினால் வெட்பாலை. பச்சையாகவே நின்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். அரளியும் இதே குடும்பம், கொடிய நஞ்சு. ஆகவே தெரியாத மரத்தின் இலையை யாரோ சொன்னார்கள் என்று பறிக்கவே கூடாது.

மரம் தை, மாசியில் இலை உதிர்த்து நிற்கும். பங்குனியில் தளிர்க்கும். சித்திரையிலும் வைகாசி முதல் பாதியிலும் முற்றிய இலையும் நல்ல வெயிலும் ஒன்றாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கிவிடும். ஆனி, ஆடியில் இந்த வேலையைத் தொடாதீர்கள். நான்கு நாள் மூடம் போட்டால் எண்ணெய் நிறம் ஏறாமலேயே இலை அழுகும். புரட்டாசியில் இரு மழைக்கும் நடுவே கொஞ்சம் வெயில் கிடைக்கும், அதுவும் ஆகும்.

அளவு: எடைக்கு எடை. அரை கிலோ இலைக்கு அரை கிலோ எண்ணெய், அதாவது ஏறத்தாழ 540 மில்லி. பாத்திரம் இரண்டு லிட்டர் கொள்ளும் வாயகன்ற கண்ணாடிப் பரணி. இலை மெத்தென்று இடத்தை அடைத்துக்கொண்டு எண்ணெய்க்கு மேலே நின்றால் எண்ணெயைக் கூட்டுங்கள். ஒரு பங்கு இலைக்கு இரண்டு பங்கு எண்ணெய் வரை போகலாம். தைலம் கொஞ்சம் இளசாக இருக்கும், அவ்வளவுதான். எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டும் இலையில் பூஞ்சணம் பிடித்தால் மொத்தமும் வீண். செக்கில் ஆட்டிய புது எண்ணெய் நல்லது. காறல் வாடை அடிக்கிற எண்ணெயை மருந்தாக்க முடியாது.

பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது மணி வாக்கில் இலையைப் பறியுங்கள். தூசி இருந்தால் ஒருமுறை அலசி, வெள்ளைத் துணியில் பரப்பி, நிழலில் மேல் ஈரம் போகும்வரை மட்டும் விடுங்கள். சருகாகக் காயவிடக் கூடாது. இரும்பு படாமல் கையால் கிள்ளிப் போடுவதுதான் மரபு. ஓர் இலையை மூன்று நான்கு துண்டாகக் கிள்ளினால் போதும். ஈரமில்லாத பரணியில் போட்டு, எண்ணெய் ஊற்றி, மரக்கரண்டியால் அமுக்கி, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். இறுக்கமான மூடி போடுவதுதான் பலரும் செய்கிற பெரிய தவறு. வெயிலில் இலை விடும் நீராவி மூடியில் முட்டி, சொட்டுச் சொட்டாகத் திரும்ப எண்ணெய்க்குள்ளேயே விழும்.

காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை வெயில், பிறகு வீட்டுக்குள். தினம் ஒருமுறை உலர்ந்த கரண்டியால் கிளறி அமுக்குங்கள். முதல் நாள் எண்ணெய் பசுமை தட்டும். இரண்டு மூன்று நாளில் ஊதா ஏறும். ஐந்திலிருந்து ஏழு நாளில் நாவல்பழச் சாறுபோல் கறுத்த ஊதாவாகும். இந்த மரத்து இலையிலிருந்து முன்பு நீலச் சாயமே எடுத்தார்கள். எண்ணெயில் இறங்குவதும் அந்த வகை நிறம்தான்.

வடிகட்டும்போது துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், இலையின் தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிடும். தானாக வடியவிட்டு, ஓர் இரவு அசையாமல் வைத்து, மேல் தெளிவை மட்டும் ஊற்றி எடுங்கள். அடிவண்டல் வேண்டாம். பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. துணி கட்டி இன்னும் ஒரு நாள் வெயிலில் வைத்து மறுபடி சோதியுங்கள்.

பூசுவதற்கு முன் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு வந்தால் இது உங்களுக்கு ஆகாது. ஒத்துக்கொண்டால் படை உள்ள இடத்தில் மட்டும் மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் விட்டு, பயத்தமாவு தேய்த்துக் குளிக்கலாம். காலை இளவெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தால் நல்லது. செதிலைச் சுரண்டாதீர்கள், சுரண்டிய இடத்திலேயே புதுப் படை கிளம்பும். துணியில் கறை பிடிக்கும், பழைய உடையாகப் பார்த்து உடுத்துங்கள்.

இந்த எண்ணெய் செதிலை இளக்கும், வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும். சொரியாசிஸ் அடங்கி அடங்கித் திரும்ப வருகிற நோய். அதை வேரோடு எடுத்துவிடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையை, முக்கியமாக ஸ்டீராய்டை, இதை நம்பித் திடீரென்று நிறுத்தினால் நோய் பல மடங்காகச் சீறும். நீர் வடியும் கரப்பானிலும், வெடித்த புண்ணிலும், வட்டமாகப் பரவும் படர்தாமரையிலும் பூச வேண்டாம். உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவச மருந்து உண்டு, தாமதிக்காதீர்கள். உடம்பு முழுக்கச் சிவந்து காய்ச்சல் வந்தாலும் மூட்டு வீங்கினாலும் ஆஸ்பத்திரிதான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சித்த மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்தல்ல இது.

பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி நிழலில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். மார்கழிக் குளிரில் உறைந்தால் கெட்டதாக அர்த்தமில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். காறல் அடித்தால் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை போடும்போது பழைய எண்ணெயின் மீதியைப் புதிதோடு கலக்காதீர்கள். பழைய காறல் புதியதையும் பிடித்துக்கொள்ளும்.