வில்லுக்குக் கட்டிய பரண் துப்பாக்கிக்கு உதவுமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில், அக்டோபர் முழுக்க மான் வந்துபோன அதே மரத்தில் நவம்பர் கடைசியில் துப்பாக்கியோடு ஏறி, நாள் முழுக்க ஒன்றையும் பார்க்காமல் இறங்குகிறவர்கள் நிறையப் பேர். இடையில் காட்டுக்குள் ஆள் நடமாட்டம் பெருகியிருக்கும், அதைக் கணக்கில் எடுத்துத்தான் இடத்தையும் நேரத்தையும் மாற்ற வேண்டும்.

வில்லால் வேட்டையாடும் சீசன் செப்டம்பர் நடுவில் தொடங்கும். அப்போது வெள்ளை வால் மான் தன் போக்கில் திரியும்: பகலில் புதருக்குள் படுக்கை, சாயங்காலம் சோயா வயலுக்கோ ஓக் கொட்டை உதிரும் இடத்துக்கோ நடை. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தடத்தைக் கண்டுபிடித்து 15 முதல் 20 அடி உயரத்தில் பரண் போடுங்கள், மேலே இருக்கும்வரை பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றாதீர்கள். மான் 20 கெஜம், அதிகம் போனால் 30 கெஜத்துக்குள் வந்தால்தான் அம்பு விட முடியும் என்பதால் காற்றை முதலில் பாருங்கள். உங்கள் வாடை மான் வரும் பக்கம் போகிற நாளில் அந்தப் பரணில் ஏறவே வேண்டாம். சாயங்காலம் குளிரக் குளிரக் காற்று சரிவில் கீழே இறங்கும், அதையும் மறக்காதீர்கள். மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறைகிற நேரம் பார்த்து நாணை இழுங்கள். பக்கவாட்டில் நிற்கிற மானுக்கு மட்டும் குறி வையுங்கள், உங்களைப் பார்த்து நேராக நிற்பதை விட்டுவிடுங்கள்.

அம்பு பட்டதும் இறங்கி ஓடுவதுதான் பெரிய தப்பு. ரத்தம் நுரையோடு இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி நேரமாவது பொறுங்கள். அம்பில் பச்சையாகக் கசடும் நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது, 8 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அடிபட்ட மான் வெகுதூரம் போய், யாருக்கும் கிடைக்காமல் செத்துக் கிடக்கும். அந்தப் பொறுமை இல்லாதவர் வில்லைத் தொடவே கூடாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். அந்த சீசன் நன்றி கூறும் நாளுக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி 9 நாள். இணைசேரும் பருவத்தின் உச்சம் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும், முதல் காலையின் வெடிச்சத்தத்திலேயே மான்கள் சதுப்பு நிலத்துக்குள்ளும் அடர்ந்த புதருக்குள்ளும் ஒதுங்கி, வயலுக்கு வருவதை இரவுக்குத் தள்ளிவிடும். அதனால் வயலோரப் பரணை விட்டுவிட்டு, அவை தப்பி ஓடும் குறுகலான வழியைப் பார்த்து உட்காருங்கள். இங்கே 100 கெஜம் தாண்டியும் சுடலாம் என்பதால் பார்வை நன்றாகத் திறந்த இடம் வேண்டும். சாப்பாட்டைப் பையிலேயே கொண்டுபோங்கள். மதியம் மற்றவர்கள் சாப்பிட எழுந்து நடக்கும்போது அவர்களே உங்கள் பக்கம் மானைக் கிளப்பிவிடுவார்கள், பலர் தவறவிடுகிற நேரம் அதுதான்.

குழுவாகக் காட்டைக் கலைத்து மானை விரட்டுவதாக இருந்தால், யார் எங்கே நிற்கிறார்கள் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடாதீர்கள். இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறம் இருக்க வேண்டும், தொப்பி போட்டால் அதிலும் பாதி. அந்த 9 நாளில் வில்லோடு போகிறவருக்கும் இதே சட்டம்தான்.

எதில் அடித்தாலும், மான் கைக்குக் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் அதை அரசிடம் பதிவு செய்துவிடுங்கள்.