சமூகக் கல்வியைப் பற்றிப் பள்ளியிடம் கேட்பது எப்படி

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் கணிதம், அறிவியல், தமிழ் என்று பேசி முடிப்பதற்குள் நமக்கு ஒதுக்கிய நேரம் தீர்ந்துவிடுகிறது. சமூகக் கல்விக்கு முறை வருவதே இல்லை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் இப்பாடம் இல்லாததால் அந்தப் பாடவேளை எப்படிக் கழிகிறது என்று நாமும் விசாரிப்பதில்லை. ஆனால் உயர்நிலை மூன்று, நான்கில் 2001 முதல் இது கட்டாயப் பாடம் என்பதால், பழக்கமில்லாத பிள்ளைகள் அங்கே திணறுகிறார்கள்.

அடுத்த சந்திப்புக்குத் திருத்திய விடைத்தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (‘ஓ’ நிலை) தேர்வில் இப்பாடத்திற்கான 50 மதிப்பெண்களில் 35, நாளிதழ்ச் செய்தி போன்ற ஆதாரங்களைப் படித்து விடையளிக்கும் பகுதிக்கே உரியவை என்பதால், அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. என் மகள் ஒருமுறை, "இது நாளிதழில் வந்ததால் நம்பலாம்" என்று எழுதியிருந்தாள்; ஓரத்தில் "விளக்கம் போதாது" என்ற குறிப்பு மட்டுமே இருந்தது. மதிப்பெண்ணைப் பற்றி வாதாடாமல், வேறு எந்த ஆதாரத்தோடு ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று கேட்டேன். ஆசிரியர் தாளைப் புரட்டி, அதே செய்தியை மறுக்கும் இன்னோர் ஆதாரத்தைக் காட்டினார். அந்த ஐந்து நிமிடம் பல துணைப்பாட வகுப்புகளுக்குச் சமம்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் வீட்டில் தமிழிலேயே பேசலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (அரசாங்க வீடுகளைக் கட்டும் அமைப்பு) அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்தவருக்கும் வரம்பு வைக்கும், 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) சீனர்களுக்கான வரம்பு எட்டப்பட்டிருந்தால், அங்கே வீட்டை விற்கும் இந்தியக் குடும்பம் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவதால் விலையும் குறையலாம். மறுபுறம், ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவியாமல் தடுப்பதும் அதே விதிதான். விற்பவர், வாங்குபவர், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆகிய மூவரின் நிலையையும் பிள்ளையே எடுத்துச் சொல்லட்டும். நம் கருத்தைக் கடைசியில் சொன்னால் போதும். (என்னால் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க முடிவதில்லை என்பது வேறு.)

உயர்நிலையில் மாணவர்கள் குழுவாக ஒரு சமூகப் பிரச்சினையை ஆராய வேண்டும். தலைப்பை யார் தேர்ந்தெடுத்தார்கள், யாரிடம் கருத்துக் கேட்டார்கள், முடிவு எங்கே போனது என்பவற்றையும் ஆசிரியரிடம் கேளுங்கள். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் உடனே கல்வி அமைச்சுக்கு எழுத வேண்டாம். முதலில் பாடத்துறைத் தலைவருக்கு, விடைத்தாளின் நகலை இணைத்து, ஒரே ஒரு கேள்வியுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். பத்துக் கேள்விகள் அனுப்பினால் பொதுவான பதில்தான் வரும்.