சேலம் வெயிலில் ஃபிலிம் கழுவுவது: எமல்ஷன் கெடாமல் எடுக்கும் வழி

போன சித்திரையில் ஒரு ரோல் கழுவினேன். டெவலப்பரை (படத்தை வெளிக்கொண்டு வரும் மருந்து) 20 டிகிரிக்கு இறக்கப் பாடாய்ப் பட்டுவிட்டு, கடைசி அலசலை மட்டும் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் முடித்தேன். மதிய நேரம், தண்ணீர் கொதிக்காத குறை. காய்ந்த நெகட்டிவை லென்ஸ் வைத்துப் பார்த்தால், வானம் முழுக்க வறண்ட ஏரி மாதிரி பொடி வெடிப்பு.

எமல்ஷன் என்பது வெள்ளி உப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஜெலட்டின். தண்ணீரில் ஊதும், சூட்டில் இளகும். திடீரென்று சூடு மாறினால் சுருக்கம் விழும். இன்றைய ஃபிலிம்கள் அவ்வளவு லேசில் வெடிக்காது என்றாலும், இளகியிருக்கும்போது நகம் பட்டாலே கீறல்தான்.

அதனால் முதல் வேலை தண்ணீர். அலசத் தேவையானதை முந்தின இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள். மறுநாள் ஓர் அகலமான டப்பில் டெவலப்பர், ஃபிக்சர் (படத்தை நிலைக்க வைக்கும் மருந்து) பாட்டில்களையும் அலசும் தண்ணீரையும் ஒன்றாக நிறுத்தி, சுற்றிலும் ஐஸ் போடுங்கள். ஐஸ் மருந்துக்குள் விழக் கூடாது. எங்கள் ஊரில் 20 டிகிரிக்காக மல்லுக்கட்டுவதைவிட 24 டிகிரியில் எல்லாவற்றையும் நிறுத்துவது புத்திசாலித்தனம். டெவலப் செய்யும் நேரம் குறையும், உங்கள் ஃபிலிமுக்கும் டெவலப்பருக்குமான நேர அட்டவணையைப் பாருங்கள். தெர்மாமீட்டரை ஒவ்வொரு பாட்டிலிலும் விட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மார்கழியில் ஏற்காட்டில் கழுவுகிறவர்களுக்குச் சிக்கல் தலைகீழ்: குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலக்க வேண்டும்.

ஃபிலிமைச் சுற்றும் ரீல் ஈரமில்லாமல் இருக்கட்டும். ஃபிலிமை ரீலில் ஏற்றும்போது சேஞ்சிங் பேக்குக்குள் (கை மட்டும் நுழையும், வெளிச்சம் புகாத பை) கை வியர்த்தால் ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும். இழுக்காதீர்கள், எல்லாவற்றையும் வெளிச்சம் புகாத டெவலப்பிங் டேங்குக்குள் போட்டு மூடி, கையை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

டெவலப்பர், ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் மருந்து), ஃபிக்சர் வழக்கம்போல. கோடையில் ஹார்டனர் (எமல்ஷனை இறுக்கும் மருந்து) கலந்த ஃபிக்சர் எனக்குப் பிடிக்கும், அலசும் நேரம் கூடினாலும். ஹார்டனர் இல்லையென்றால், அலச இல்ஃபோர்ட் முறை போதும்: டேங்கில் தண்ணீர் ஊற்றி 5 முறை கவிழ்த்துக் கொட்டு, அப்புறம் புதுத் தண்ணீரில் 10, மறுபடி 20. வாளித் தண்ணீரும் மிச்சம்.

போர் தண்ணீரின் உப்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும். எனவே கடைசி முங்கல் டிஸ்டில்டு வாட்டரில், ஒரு சொட்டு ஃபோட்டோ ஃப்ளோவுடன் (தண்ணீர் புள்ளியாகத் தங்காமல் வழிய வைக்கும் திரவம்). விரலாலோ துணியாலோ வழிக்கவே வேண்டாம். குளியலறையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, அடியிலும் ஒரு கிளிப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். ஃபேன் போட்டால் தூசி பறந்து ஈர எமல்ஷனில் ஒட்டிவிடும். மங்கலாகத் தெரிகிற பக்கம்தான் எமல்ஷன். வெட்டிக் கவரில் போடும்போதும் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.