நோயாளி இருக்கும் வீட்டில் சாமி கும்பிடுவது எப்படி?

என் மாமியாருக்கு நுரையீரல் நோய். வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் ஓடுகிறது. அதனால் முதல் விதி, அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் கூடாது. ஆக்ஸிஜன் இருக்குமிடத்தில் சின்னப் பொறிகூடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். புகை மூச்சையும் திணறடிக்கும். விளக்கைக் கூடத்தில் ஏற்றிவிட்டு, திருநீற்றை மட்டும் ஈரவிரலில் தொட்டு அத்தை நெற்றியில் இடுகிறேன். உலர்ந்த தூளாகப் பூசினால் மூக்கில் உதிர்ந்து இருமல் வரும்.

நோய் தீர்க்கும் என்று நம்பிச் சாப்பிடும் பிரசாதமான வைத்தீஸ்வரன்கோயில் திருச்சாந்துருண்டையைச் சொந்தக்காரர்கள் அன்போடு கொண்டுவருவார்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்தருகே வையுங்கள். வாயில் போடுவதெல்லாம் டாக்டரைக் கேட்ட பிறகுதான். விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஒரு உத்தரணித் தீர்த்தம்கூடப் புரையேறும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அபிஷேக இளநீரிலும் அவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் இருக்கிறது, மறக்காதீர்கள்.

அப்புறம் நம் பிரார்த்தனை. முழுப் பாராயணத்துக்கு நேரம் தேடி ஏங்க வேண்டாம். மூச்சுக்கு மருந்தை ஆவிபோலத் தரும் நெபுலைசர் ஓடும் நேரம் போதும். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்பேன். சில நாள் அவனோடு சண்டைதான். அதுவும் பக்திக் கணக்கில் சேரும் என்பது என் கட்சி.

"பரிகாரம் செய்தீர்களா? யார் செய்த பாவமோ!" என்பவர்களிடம், "சரி, அத்தையோடு கொஞ்ச நேரம் இருங்கள், கோயிலுக்குப் போய்வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு உடனே அவசர வேலை வந்துவிடும். உட்காருபவரிடம் மாத்திரை நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.