கொலைக் கதையில் விசுவாசமான வேலைக்காரியை எழுதுவது எப்படி

துப்பறியும் கதை எழுத உட்காருகிற நிறையப் பேர் ஒரு பண்ணை வீடு, ஒரு பிணம், சொத்துக்கு நாலு வாரிசு, ஒரு இன்ஸ்பெக்டர் என்று ஆள் சேர்த்துவிட்டுக் கடைசியில் ‘விசுவாசமான பழைய வேலைக்காரர்’ என்று ஒருவரையும் போட்டுக்கொள்கிறார்கள். அவர் கதவைத் திறப்பார், காபி கொண்டுவருவார், பிணத்தை முதலில் பார்த்து அலறுவார், அப்புறம் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. நான் அம்பாசமுத்திரம் பக்கம், எங்கள் ஆச்சி வீட்டில் நாற்பது வருஷம் வேலை பார்த்த ஒரு கிழவி இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. எந்தக் கதவு கிறீச்சிடும், தாத்தா ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார், எந்த மாமாவுக்கும் எந்தச் சித்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்த மாதிரி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒருத்தி கொலை விழுந்த வீட்டில் இருந்தால் கதை அவளைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். எப்படி என்று ஒரு கதையைக் கட்டிக்கொண்டே சொல்கிறேன்.

காலம் 1978, மார்கழி. இடம் தாமிரபரணிக் கரையில் ஒரு கற்பனை ஊர். செத்துப்போனவர் வீட்டுப் பெரியவர். வேலைக்காரி பேச்சியம்மாள், வயது 58, பன்னிரண்டு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவள்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, அவள் விசுவாசம் யார் மேல் என்பது. ‘அந்தக் குடும்பத்தின் மேல்’ என்று எழுதினால் கதை ஒரு அடி நகராது. ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்கள், அதற்குக் காரணமாக ஒரு நாளையும் சொல்லுங்கள். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது பழமொழியாகச் சரி, கதைக்குப் போதாது, ஏனென்றால் அந்த வீட்டில் உப்புப் போட்டுத் தின்றவர்கள் பத்துப் பேர். பேச்சிக்கு வந்து சேர்ந்த முதல் வருஷமே அம்மை போட்டது. தொழுவத்து ஓரத்தில் கிடந்தவளை, அப்போதுதான் வாக்கப்பட்டு வந்திருந்த மருமகள், மாமியார் ஏச்சையும் மீறிப் பட்டாசலில், அதாவது வீட்டு நடுக்கூடத்தில், வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஒரு பத்தமடைப் பாயை விரித்துத் தானும் படுத்துக்கொண்டாள். மூன்று ராத்திரி. அந்த மருமகள்தான் பின்னால் வீட்டு ஆச்சி ஆனாள், இளைய மகனைப் பேச்சி கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுச் செத்தும் போனாள். ஆக, பேச்சியின் விசுவாசம் செத்துப்போன ஆச்சி மேல், அவள் வழியாக இளையவன் மேல். பெரியவருக்கு அவள் வேலையை ஒழுங்காகச் செய்தாள், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை நீங்கள் தெளிவாக வைத்துக்கொண்டால் அவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று வாசகருக்கு எங்கேயும் விளக்கவே வேண்டியிருக்காது.

அடுத்தது வீட்டின் வரைபடம். தெருத் திண்ணை, தார்சா என்கிற முன்கூடம், பட்டாசல், அரங்குவீடு என்கிற உள்ளறை, அடுக்களை, அங்கணம், தொழுவம், புறவாசல் என்று நம்ம பக்கத்துப் பழைய வீடு ரயில் மாதிரி நீளமாகப் போகும். ஒரு தாளில் அதை வரைந்து, பேச்சியின் கால் எதுவரை போகும், எங்கே நின்றுவிடும் என்று ஒரு கோடு போடுங்கள். சாதியை விட்டுவிட்டு இந்தக் கோட்டைப் போட முடியாது, அதனால் மழுப்ப வேண்டாம். பாத்திரத்தை அவள் புறவாசலில் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி வெளியே கவிழ்த்து வைப்பாள், மூத்த மருமகள் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப்போவாள். வருஷக்கணக்காக இதுதான் நடைமுறை, அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி யோசித்ததுகூடக் கிடையாது. இந்தப் பழக்கத்தை முதல் அத்தியாயத்தில் சாதாரணமாக ஒரு தடவை காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பிறகு அரங்குவீட்டில் பெரியவர் பிணமாகக் கிடக்க, கட்டிலடியில் அவர் ராத்திரிப் பால் குடித்த செம்பு பளபளவென்று துலக்கி வைத்திருக்கிறது. மருமகள் தான் எடுத்து வைக்கவில்லை என்கிறாள், அவள் சொல்வதும் உண்மை. அப்படியானால் துலக்கியவளே உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நிலைப்படியைத் தாண்டியிருக்கிறாள்.

வேலைக்காரி துப்புச் சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்க வைப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒட்டுக்கேட்பது யாரும் செய்யக்கூடியது, அதற்கு நாற்பத்தாறு வருஷம் அந்த வீட்டில் உழைத்திருக்க வேண்டியதில்லை. துப்பு அவள் கைவேலையிலிருந்து வர வேண்டும். எனக்குப் பிடித்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

மார்கழியில் நம்ம ஊர்த் தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாலரை மணிக்கே வாசல்களில் சாணி தெளிக்கிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், பனியில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு குனிந்து கோலம் போடுவார்கள், நடுவில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூ செருகுவார்கள். ஐந்து மணிக்குப் பஜனை கோஷ்டி அந்தத் தெருவில் வருகிறது. பெரியவர் வீட்டு வாசலில் சாணி தெளித்திருக்கிறது, கோலம் மட்டும் இல்லை. பஜனையில் வந்த ஒரு பையனுக்கு அது கண்ணில் பட்டு, ‘பேச்சி பாட்டிக்குக் காய்ச்சல் போல’ என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறான். ஆறு மணிக்குத்தான் மூத்த மகன் அரங்குவீட்டைத் திறந்து பார்த்துக் கத்துகிறான். சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போட மாட்டார்கள். யாருக்கும் தெரியாத சாவு அவளுக்கு மட்டும் ஐந்து மணிக்கே தெரிந்திருந்தது. மறைக்க வேண்டும் என்றால் வழக்கம்போல ஒரு கோலத்தை இழுத்துவிட்டுப் போயிருக்கலாம், அவளுக்குக் கை வரவில்லை. பொய் சொல்லத் துணிந்தவளுக்கு அந்த வாசலில் மாவை விடத் துணிவு வரவில்லை பாருங்கள், அவள் யார் என்பது அங்கே தெரிகிறது.

விசாரணையில் இதை இன்ஸ்பெக்டர் கேட்கட்டும்.

“ஏம்மா, இன்னைக்குக் கோலம் போடலியா?”

“மாவு தீந்துபோச்சுய்யா.”

அவர் வேறு ஒன்றும் கேட்க வேண்டாம். எழுந்து போகும்போது தொழுவத்து மாடக்குழியில் சிரட்டை நிறையக் கோலமாவு இருப்பதையும், அதன் மேல் நேற்று ராத்திரிப் பனியில் ஒரு மெல்லிய ஏடு கட்டியிருப்பதையும், அதில் மூன்று விரல் அள்ளப்போய் அப்படியே விட்ட பள்ளம் இருப்பதையும் பார்க்கட்டும். இவ்வளவு போதும்.

அவள் எதை மறைக்கிறாள் என்பதிலும் கவனம் வேண்டும். கொலையாளி யாரென்று தெரிந்தே மறைத்தால் கடைசியில் அவள் வாய் திறப்பதற்காகக் கதை காத்துக் கிடக்கும், புதிர் செத்துப்போகும். அவள் தப்பாக நம்பியதை மறைக்க வேண்டும். விடியுமுன் அரங்குவீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்க்கிறாள். பெரியவர் கிடக்கிறார். பக்கத்தில் இளையவனின் சால்வை. பாலில் எதையோ கலந்துவிட்டான் பிள்ளை என்று அவளாகவே முடிவுகட்டி, சால்வையை எடுத்து வைக்கோல் போரில் செருகி, செம்பைத் துலக்கி வைத்துவிடுகிறாள். இளையவனோ அன்று ஊரிலேயே இல்லை. அவன் சால்வையைக் குளிருக்கு வாங்கிப் போர்த்திக்கொண்டு வந்தவன் வேறு ஆள். இப்போது அவள் செய்த ஒவ்வொன்றும் நிஜக் கொலையாளிக்குப் பாதுகாப்பாக மாறுகிறது, அவளுக்கு அது தெரியாது, வாசகருக்கும் தெரியக் கூடாது.

சட்டம் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்குக் காட்சிகளையே தரும். சாட்சியாக ஒரு பெண்ணை விசாரிக்க வேண்டுமானால் அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, அவள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆவது பிரிவு அப்படித்தான் சொன்னது. பேச்சி குடியிருப்பது அதே வீட்டுப் புறவாசல் அறையில். அதாவது மூத்தவர், மருமகள், கணக்குப்பிள்ளை எல்லோரும் காதுகொடுத்து நிற்கிற இடத்தில்தான் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுகிற இன்ஸ்பெக்டரா, அவர்களையும் வைத்துக்கொண்டே கேட்கிற இன்ஸ்பெக்டரா என்பதில் அவர் குணம் வந்துவிடும். அப்புறம், போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கக் கூடாது, நிறையக் கதைகளில் இந்தத் தப்பு வருகிறது. குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுத்த கணவனுக்கும் மனைவிக்கும் இந்தியத் தண்டனைச் சட்டம் 212ஆவது பிரிவில் விலக்கு இருந்தது. வேலைக்காரிக்கு எந்த விலக்கும் இல்லை. கொலைத் தடயத்தை அழித்தால் 201ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரை. முதலாளி பொருளை வேலையாள் திருடினாலும் ஏழு வருஷம், மற்றவர் செய்த சாதாரணத் திருட்டுக்கு மூன்று. கதையை இன்றைக்கு வைத்தால் 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு எண்கள் மாறிவிட்டன. 1978 என்றால் ஊரில் கிராம முன்சீப்பும் கர்ணமும் இருப்பார்கள், கிராம நிர்வாக அலுவலர் வரமாட்டார், ஏனென்றால் அந்தப் பழைய பதவிகளை 1980இல்தான் ஒழித்தார்கள்.

வேலைக்காரர் மேல் சந்தேகம் விழுவதற்குப் பணம், நகை என்று போக வேண்டாம். நம்ம பக்கம் அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது, நிலம். 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். மிச்ச வயலைக் காப்பாற்ற எத்தனையோ வீடுகளில் வேலைக்காரர் பேரில், பண்ணையாள் பேரில் எழுதி வைத்தார்கள். பேச்சியையும் ஒருநாள் பெட்டிவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சார்பதிவாளர் ஆபீஸில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள், வைத்தாள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எட்டு வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து, “உன் பேர்ல அஞ்சு ஏக்கர் நஞ்சை இருக்கே, தெரியுமா?” என்று கேட்கும்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. வருஷத்துக்கு இத்தனை கோட்டை நெல், பொங்கலுக்கு ஒரு சேலை என்று வாங்கிக்கொண்டிருந்தவள் முகத்தை அந்த இடத்தில் அவசரப்படாமல் எழுதுங்கள்.

கொலையாளி அந்தப் பத்திரத்தை எழுதிய கணக்குப்பிள்ளை. பேச்சி பேரில் இருப்பதை அவள் விற்றதாகப் போலிக் கிரயம் போட்டுவிட்டான், பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். நிரூபிப்பது எப்படி? ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்து வைத்துப் பார்த்தும் ரேகை விழாமல் திரும்புகிற பாட்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாம்பலும் மண்ணும் போட்டு நாற்பத்தாறு வருஷம் பாத்திரம் துலக்கிய பெருவிரலில் ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். 1970 பத்திரத்தில் அவள் கைநாட்டு ஒரு மை அப்பல், அவ்வளவுதான். புதுக் கிரயத்தில் உள்ள கைநாட்டில் ஒவ்வொரு கோடும் எண்ணலாம் போலத் தெளிவாக இருக்கிறது. உழைக்காத கை.

கொலையாளியைச் சொல்வதற்கு முன்னாடியே ஒரு விதியைச் சொல்லியிருக்க வேண்டும். 1928இல் எஸ்.எஸ். வான் டைன் என்ற புனைபெயரில் எழுதிய அமெரிக்கர் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் போட்டார். பதினொன்றாவது, வேலைக்காரரைக் கொலையாளி ஆக்காதே, அது ரொம்பச் சுலபமான முடிவு, குற்றவாளி மதிப்புள்ள ஆளாக இருக்க வேண்டும் என்பது. சுலபமான முடிவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த இரண்டாவது காரணம் எனக்கு ஒப்பவில்லை. பேச்சி கொலை செய்யாததற்குக் காரணம் அவளிடத்தில் இருக்க வேண்டும், அவள் ‘மதிப்பில்லாதவள்’ என்பதில் இருக்கக் கூடாது.

பேச்சு. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதத் தொடங்கும் முன்பே பட்டியல் போடுங்கள். பத்து வயதுப் பையன்கூட அவளைப் ‘பேச்சி’ என்பான், அவள் அவனைச் ‘சின்னய்யா’ என்பாள். மூத்தவர் ‘ஏட்டி’ என்பார். இளையவன் எல்லார் முன்னாலும் ‘பேச்சி’ என்றும் தனியாக இருக்கும்போது ‘எம்மா’ என்றும் கூப்பிடுவான், கதையில் ஒரே ஒரு தடவை அது பொதுவில் வாய் தவறி வரட்டும், அவனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றும்போது. நெல்லைப் பேச்சை அளவாகப் போடுங்கள். ‘சொல்லுதேன்’, ‘வந்தாவ’, ‘எய்யா’ என்று அங்கங்கே விழுந்தால் போதும், வரிக்கு வரி ‘ஏல’ போட்டால் நம்ம ஊர்க்காரருக்கே படிக்க முடியாது.

அவளை வாய் திறக்க வைக்க மிரட்டல் வேண்டாம், அடி வேண்டாம், சாமி படத்தின் மேல் சத்தியம் வேண்டாம். இளையவன் அன்று ராத்திரி ஊரில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் ஆதாரத்தோடு காட்டினால் போதும். யாருக்காக வாயைப் பூட்டினாளோ அவன் இந்தக் கொலைக்கு வெளியே நிற்கிறான் என்று தெரிந்ததும் அவளே எழுந்து வைக்கோல் போரிலிருந்து சால்வையை உருவிக்கொண்டு வருவாள். சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்க விடாதீர்கள்.

கடைசிக் காட்சியில் அவளை எஜமானுக்காகச் சாகவிடுவதும், தாம்பாளத்தில் சேலை வைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். அந்த அஞ்சு ஏக்கர் இன்னும் அவள் பேரில்தானே இருக்கிறது. கோர்ட்டுக்குப் போனால் உச்சவரம்பை ஏமாற்றியது வெளியே வரும் என்று மூத்தவருக்குத் தெரியும். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் ஒரு பத்திரத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து போகாத புறவாசலுக்கு வந்து நிற்கிறார். “ஏட்டி பேச்சி, இதுல ஒரு கைநாட்டு வை.” அவள் பாத்திரத்தைக் கீழே வைக்கிறாள், கையைக் கழுவி முந்தானையில் துடைக்கிறாள், பெருவிரலை ஒரு தடவை திருப்பிப் பார்க்கிறாள்.

“ரெண்டு நாள் போவட்டும்யா. யோசிச்சுச் சொல்லுதேன்.”