ஏற்காடு ஏறும் சைக்கிளுக்குப் புது பின் டீரெய்லர்: பார்த்து வாங்குவது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் தாண்டியதும் நம்மில் பெரும்பாலானவர்கள் செயினைப் பின்பக்கத்தின் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குத் தள்ளிவிட்டு, அப்படியே மிதித்துக்கொண்டு போவோம். அந்த நிலையில்தான் டீரெய்லர், அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி, ஸ்போக்ஸ் கம்பிகளுக்கு மிக அருகில் இருக்கும். ஏதாவது கொஞ்சம் வளைந்திருந்தால் டீரெய்லரின் கூண்டு (இரண்டு குட்டிச் சக்கரங்களோடு கீழே தொங்கும் பகுதி) கம்பிக்குள் மாட்டி, ஒரே சுற்றில் டீரெய்லர், செயின், சில சமயம் சக்கரம் எல்லாம் போய்விடும். அதனால் மலை ஏறுபவர் டீரெய்லர் வாங்கும்போது பளபளப்பையும் விலையையும் பின்னால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சைக்கிளில் ஏற்கெனவே இருக்கும் பாகங்களோடு அது பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் ஹேங்கரைப் பாருங்கள்

டீரெய்லரை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டுதான் ஹேங்கர். அலுமினிய ஃபிரேம்களில் இது தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கும். அடிபட்டால் ஃபிரேமைக் காப்பாற்றிவிட்டுத் தான் வளைய வேண்டும் என்றே மென்மையாகச் செய்திருப்பார்கள். காபித் தோட்ட மண்பாதையில் சைக்கிள் வலதுபக்கமாகச் சாய்ந்து விழுந்தாலே போதும், வளைந்துவிடும். உண்ணிச்செடிக் குச்சி ஒன்று கூண்டுக்குள் புகுந்தாலும் அதே கதைதான்.

சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து, டீரெய்லரின் இரண்டு குட்டிச் சக்கரங்களையும் பாருங்கள். செயின் ஓடும் பல்சக்கரத்தோடு அவை ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச்சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கரையே முதலில் சந்தேகப்படுங்கள். டீரெய்லர் நன்றாக இருந்து ஹேங்கர் மட்டும் வளைந்திருந்தால் செலவு மிகவும் குறைவு. சைக்கிள் கடையில் அளவுகோல் கருவி இருந்தால் நிமிர்த்தியும் தருவார்கள். வளைந்த ஹேங்கரில் எவ்வளவு நல்ல டீரெய்லரை மாட்டினாலும் கியர் சரியாக விழாது.

புது ஹேங்கர் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறும். திருகு ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பயன்படாது. விலை குறைந்த சில சைக்கிள்களில் தனி ஹேங்கரே இருக்காது. டீரெய்லரோடு சேர்ந்த ஒரு தகடு சக்கர அச்சில் மாட்டியிருக்கும். அந்த வகைக்குத் தகடோடு வரும் டீரெய்லரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அப்புறம், கூண்டின் கீழ்நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் மூட்டுகள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டியதுதான். குட்டிச் சக்கரங்களின் பல் மட்டும் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் அவற்றைத் தனியாகவே மாற்றலாம்.

ஷிஃப்டர் என்ன சொல்கிறது?

ஹேண்டில்பாரில் வலதுபக்க ஷிஃப்டரில், அதாவது கியர் மாற்றும் விசையில், எத்தனை எண்கள் உள்ளன? 7, 8, 9? அதோடு எந்தக் கம்பெனி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஷிஃப்டர் ஒரு குறிப்பிட்ட நீளம் கேபிளை இழுக்கிறது. அந்த இழுப்புக்கு டீரெய்லர் எவ்வளவு நகர வேண்டுமோ அவ்வளவு நகர்ந்தால்தான் செயின் அடுத்த பல்லில் போய் உட்காரும்.

சைக்கிள் பாகக் கம்பெனியான ஷிமானோவின் மலை சைக்கிள் வரிசையில் 6 முதல் 9 கியர் வரை இந்த இழுப்பு விகிதம் ஒன்றே. 7 கியர் ஷிஃப்டருக்கு 8 அல்லது 9 கியர் டீரெய்லர் வாங்கினாலும் வேலை செய்யும். பழைய மாடல் கிடைக்காத சமயத்தில் இது பெரிய உதவி. 10 கியரிலிருந்து விகிதம் மாறிவிடுகிறது, 11-க்குப் போனால் மறுபடியும் மாறுகிறது. 2023-இல் வந்த ஷிமானோவின் க்யூஸ் வரிசை பழைய 7, 8, 9 கியர் ஷிஃப்டர்களோடு சேராது. இன்னொரு கம்பெனியான ஸ்ராமின் ஷிஃப்டர் இருந்தால் ஸ்ராம் டீரெய்லர்தான். "எல்லாம் ஒண்ணுதான், மாட்டிக்கலாம்" என்று யார் சொன்னாலும் ஷிஃப்டரின் படத்தைக் காட்டி இன்னொரு முறை கேளுங்கள்.

பல் கணக்கு

இதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நமக்கு மலை இருப்பதால் தாண்டக் கூடாது.

டீரெய்லரின் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அது தாங்கும் மிகப் பெரிய பின்பக்கப் பல்சக்கரம். இன்னொன்று மொத்தக் கொள்ளளவு, அதாவது எவ்வளவு தொய்வான செயினை அதன் கூண்டு இழுத்துப் பிடிக்கும் என்பது. உங்கள் சைக்கிளுக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதை இப்படிப் பார்க்கலாம்: பற்களின் எண்ணிக்கையில், முன்பக்கப் பெரிய பல்சக்கரத்திலிருந்து சிறியதைக் கழியுங்கள், பின்பக்கப் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள், இரண்டையும் கூட்டுங்கள்.

21 கியர் சைக்கிள் ஒன்றில் முன்பக்கம் 42, 34, 24 பற்கள், பின்பக்கம் 14 முதல் 28 என்று வைத்துக்கொள்வோம். 42-லிருந்து 24 போனால் 18. 28-லிருந்து 14 போனால் 14. மொத்தம் 32. ஏற்றத்துக்குப் போதவில்லை என்று பின்னால் 14 முதல் 34 வரையுள்ள ஃப்ரீவீல் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) போட்டால் மொத்தம் 38 ஆகிவிடும். ஷிமானோ ஆல்டஸ் எம்310, ஏசெரா எம்360 இரண்டுக்கும் அதிகபட்சப் பல் 34, கொள்ளளவு 43. இரண்டுமே இந்தக் கணக்குக்குள் தாராளமாக அடங்கும்.

ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகவும் ஏறிப் பார்க்க ஆசை இருந்தால் அந்த 34 பல் ஃப்ரீவீலை இப்போதே மனதில் வைத்து நீளக் கூண்டு டீரெய்லராக வாங்கிவிடுங்கள். குட்டைக் கூண்டு அழகாகத் தெரியும், கல்லிலும் அவ்வளவாக இடிக்காது. ஆனால் முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சைக்கிளுக்கு அது போதாது. முன்னால் ஒன்றே ஒன்று இருப்பவர்களுக்குப் பின்பக்கக் கழித்தல் மட்டும்தான் கணக்கு.

பணம் எங்கே போட வேண்டும்?

தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு ஆல்டஸ் அளவே நிறைவானது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை நல்ல செயினிலும் புது கேபிளிலும் போடுங்கள் என்பேன். நாகலூர்ப் பக்கத் தோட்டப் பாதைகளிலோ ஜருகுமலை, கஞ்சமலைக் கரடுகளிலோ இறங்குபவருக்குக் கிளட்ச் உள்ள டீரெய்லர் உண்மையிலேயே பயன்படும். குலுங்கலில் செயின் துள்ளாமல் அது கூண்டை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் கிளட்ச் பெரும்பாலும் 10 கியர், அதற்கு மேற்பட்ட வரிசைகளில்தான் வருகிறது. அதற்காக ஷிஃப்டர், கேசட் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கு), செயின் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

கியர் கேபிளின் வெளி உறை வேறு, பிரேக் உறை வேறு. கடையில் அவசரத்துக்குப் பிரேக் உறையை வெட்டி மாட்ட விடாதீர்கள். அது சுருங்கி விரிந்தால் கிளிக் கணக்கு தப்பிப்போகும்.

மாட்டும் வரிசை

கழற்றும் முன் செயின் எந்த வழியாகப் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரி, இனி வேலை. பெரும்பாலான மாடல்களுக்கு 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி போதும். டீரெய்லரின் போல்ட்டை ஹேங்கரில் முதலில் கையால்தான் திருக வேண்டும். சாவியால் அழுத்தி ஏற்றினால் அலுமினிய மரை அழிந்துவிடும்.

கேபிளை மாட்டும் முன் டீரெய்லரில் எச் என்று குறித்த திருகைச் சரிசெய்யுங்கள். மேல் குட்டிச் சக்கரம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வர வேண்டும். அடுத்து எல் திருகு. டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளி, மிகப் பெரிய பல்லுக்கு நேராக நிற்கிறதா, அதைத் தாண்டிக் கம்பிப் பக்கம் போகிறதா என்று பாருங்கள். தாண்டினால் எல் திருகை வலஞ்சுழியாக இறுக்குங்கள். ஏற்காடு ஏறுபவருக்கு உயிர்நாடி இந்தத் திருகுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

பிறகு ஷிஃப்டரைக் கடைசி எண்ணுக்குக் கொண்டுபோய், கேபிளை இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் சுற்றியபடி ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகுக் குமிழை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். பெரிய பல்லில் இருக்கும்போது மேல் குட்டிச் சக்கரம் அதில் உரசினால் பி திருகை இறுக்குங்கள்.

முதல் ஓட்டத்தை அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கையால் சுற்றும்போது சரியாக விழும் கியர், மிதிக்கும் பாரத்தில் முரண்டு பிடிக்கலாம். அங்கேயே ஓரமாக நிறுத்திக் குமிழைச் சரிசெய்துவிட்டு மேலே ஏறுங்கள். புது கேபிள் ஓட ஓடக் கொஞ்சம் இளகும். சில நாள் கழித்து இன்னொரு கால் சுற்று தேவைப்படும். பையில் உங்கள் ஃபிரேமுக்கான உபரி ஹேங்கர் ஒன்றும் ஆலன் சாவியும் இருக்கட்டும். மேலே டீரெய்லர் உடைந்தே போனாலும், செயினைக் கழற்றிவிட்டு, பிரேக் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாக அடிவாரம் வரை உருண்டு இறங்கிவிடலாம்.